சாய்ந்த சுவரும் சொந்தக்காரரும்

மதரஸாக்களில் ஃபிக்ஹுப் பாடம் நடத்தும் எவருக்கும் 'ஹிதாயா'வின் இறுதிப் பகுதியை எட்டும்போது சற்றே அயர்ச்சி தோன்றுவதுண்டு. ஆண்டிறுதி நெருங்கியிருக்கும், மாணவர்களின் மனம் விடுமுறையை நாடியிருக்கும். இரத்த ஈட்டைப் பற்றிய 'கிதாபுத் தியாத்' என்னும் அப்பகுதியோ, நம் நாட்டு வழக்குமன்றங்களில் நடைமுறையில் இல்லாத ஒன்று. ஆதலின் விரைந்து ஓதி முடித்துவிடுவதே வழக்கம். நாமும் பல்லாண்டுகள் அவ்விதமே செய்துவந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்து நாள் ஒன்றில், அப்பகுதியில் வரும் சாய்ந்த சுவர் பற்றிய சிறு பிரிவை ஓதிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், நம் கடைத்தெருவில் முகப்புச் சாய்ந்து நிற்கிறதே ஒரு பெரிய வீடு, அதற்கு இது பொருந்துமா?" என்று வினவினார். அவ்வீட்டை ஊரில் அறியாதார் இலர். தேக்குத் தூண்களும், பூவேலை செய்த நிலைக்கதவுகளும், மாடியில் மரச்சட்டச் சாளரங்களும் கொண்டது. ஒரு காலத்தில் ஊருக்கே அடையாளமாக விளங்கிய அது இன்று ஆலங்கன்றுகளுக்கு இருப்பிடமாகிவிட்டது. பங்குதாரர்கள் பல ஊர்களிலும் நாடுகளிலும் இருக்கின்றனர். வீடு தானே விழட்டும், பிறகு மனையை விற்றுக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருப்பதாக ஊரார் பேசிக்கொள்வர். அதன் நிழலில்தான் நம் மாணவர்கள் நாள்தோறும் நடந்து வருகின்றனர்.

பொருந்தும் என்று அப்போதைக்கு விடை கூறினோம். ஆயினும், எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராயப் புகுந்தபோது அது நம்மை அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கெய்ரோ நகரின் நடுத்தெருவிற்கு இட்டுச் சென்றது. அங்கிருந்து இன்றைய எகிப்தின் சட்டப் புத்தகங்களுக்கும் சென்றோம். அவ்வாறு கண்டவற்றையே ஈண்டு வாசகர் முன் வைக்கின்றோம்.

ஹிதாயாவின் ஆசிரியர் புர்ஹானுத்தீன் மர்கீனானீ (ரஹ்) மத்திய ஆசியாவின் ஃபர்கானாப் பகுதியைச் சேர்ந்தவர். ஹிஜ்ரி 593 (கி.பி. 1197)இல் மறைந்தார். அவர் எடுத்துக்கொள்ளும் வினா எளியது. ஒருவர் தம் சுவரை நேராகத்தான் கட்டினார். காலப்போக்கில் அது தெருவின் பக்கம் சாய்ந்தது. ஒருநாள் விழுந்து, வழியே சென்ற ஒருவரைக் கொன்றது. ஈடு செய்யும் பொறுப்பு யாரைச் சாரும்? கியாஸ் என்னும் ஒப்புநோக்கு முறையில் பார்த்தால் எவரையும் சாராது. கட்டியவர் தம் மனைக்குள் கட்டினார். சாய்ந்தது அவர் செயலன்று. விழுந்ததும் அவர் செயலன்று. ஆயினும் ஹனஃபி இமாம்கள் இவ்விடத்தில் கியாஸை விடுத்து இஸ்திஹ்ஸானை மேற்கொள்கின்றனர். சுவர் தெருவின் பக்கம் சாய்ந்த அக்கணமே, பொதுமக்களுக்கு உரிய தெருவின் வான்வெளியை ஒருவருடைய உடைமை பற்றிக்கொண்டுவிட்டது என்பது அவர்கள் கருத்து. இதற்கு மர்கீனானீ தரும் உவமை நம் நெஞ்சை விட்டு அகல்வதில்லை. பிறர் துணியொன்று ஒருவர் மடியில் வந்து விழுகின்றது. விழுந்ததற்காக அவர்மீது குற்றமில்லை. உரியவர் வந்து கேட்ட பிறகும் கொடுக்க மறுத்தாராயின், அப்பொழுதே அவர் வரம்பு மீறியவராகின்றார்.

ஆகவே கேட்டல் என்பதே இச்சட்டத்தின் அச்சாணி. சுவர் சாய்ந்தது என்று உரியவரிடம் எடுத்துரைத்து, அதை அகற்றும்படி கோரவேண்டும். அகற்றுவதற்குப் போதிய கால இடைவெளியும் கழியவேண்டும். அதற்குப் பின் விழுந்தால் பொறுப்பு அவரைச் சாரும். சாட்சிகளை வைத்துக்கொள்வது பின்னால் மெய்ப்பிப்பதற்காகவே. தொடக்கத்திலேயே சாய்வாகக் கட்டியிருந்தாலோ, கேட்க வேண்டிய தேவையுமில்லை. கட்டிய அன்றே அவர் பொறுப்பாளி.

கேட்பதற்கு யாருக்கு உரிமை? தெருவில் நடக்கும் எவருக்கும் உண்டு. முஸ்லிமாயினும் திம்மியாயினும் வேறுபாடில்லை. நடைபாதையில் அனைவரும் பங்காளிகளே என்கின்றது நூல். யாரிடம் கேட்பது? சுவரை அகற்ற அதிகாரமுள்ளவரிடமே. வாடகைக்குக் குடியிருப்பவரிடமும், அடகு பிடித்தவரிடமும் கேட்பது செல்லாது. அநாதைக் குழந்தையின் சுவராயின் அதன் பாதுகாவலரிடம் கேட்கலாம். ஐவருக்குப் பொதுவான சுவரில் ஒருவரிடம் மட்டும் கேட்கப்பட்டு, அது விழுந்து ஓர் உயிர் போயிற்றாயின், இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி இரத்த ஈட்டில் ஐந்திலொரு பங்கு அவர் தரப்பைச் சாரும். "தனியாக என்னால் என்ன செய்ய முடியும்?" என்று அவர் சொல்லித் தப்ப முடியாது, காழியிடம் சென்று முறையிட அவருக்கு வழியிருந்தது. பங்காளிகள் பலர் என்பதால் எவரும் பொறுப்பில்லை என்று நம்மூரில் பேசப்படும் நியாயத்தை அன்றே வெட்டி எறிந்துவிட்டனர்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. அண்டை வீட்டின்மீது சாய்ந்த சுவருக்கு அவ்வீட்டுக்காரர் தவணை தந்தால் அத்தவணை செல்லும். அது அவருடைய உரிமை. தெருவின் பக்கம் சாய்ந்த சுவருக்குக் காழியே தவணை தந்தாலும் செல்லாது. ஏனெனில் தெரு காழியின் சொத்தன்று. நகராட்சி அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் நீட்டிப்புப் பெற்று வருவோர் இவ்விடத்தைச் சற்றே நின்று படிக்கலாம்.

இவ்வளவும் கூறிய நூல் ஓர் ஓட்டையையும் மறைக்காமல் காட்டுகின்றது. எச்சரிக்கப்பட்டவர் வீட்டை விற்று, வாங்கியவர் அதைக் கைக்கொண்டுவிட்டால் விற்றவர் விடுபட்டார். வாங்கியவரிடமோ எவரும் இன்னும் கேட்கவில்லை. ஆகவே அவரும் பொறுப்பாளியல்லர். மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபினர். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' என்ன கூறுகின்றது என்று வாசகர் கேட்பர். நேராகக் கட்டிப் பின் சாய்ந்து விழுந்த சுவருக்கு ஈடு இல்லை என்பதே அங்கே முதன்மைக் கருத்து. இடிக்கவோ செப்பனிடவோ இயன்றிருந்தும் விட்டுவிட்டால் ஈடு உண்டு என்பது அடுத்து வரும் கருத்து. மெலிந்தது என்னும் குறிப்போடு அது வருகின்றது. ஷாஃபிப் பிள்ளைகளுக்கு இதனை ஓதிக் கொடுக்கும்போது, மெலிந்த அக்கருத்தின் பக்கமே நம் மனம் சாய்வதை மறைக்க விரும்பவில்லை. மாலிகி மத்ஹபில் எச்சரிக்கையும் சாட்சியும் வேண்டப்படுகின்றன. துனிஸ் நகரில் பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுர் ராமீ என்னும் கொத்தனார், கட்டடச் சட்டங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். காழிக்காகச் சுவர்களை நேரில் சென்று பார்த்துக் கருத்துரைத்தவர் அவர். கரண்டி பிடித்த கை எழுதிய சட்ட நூல் உலகில் வேறெங்கும் எளிதில் கிட்டுமென நாம் எண்ணவில்லை.

இனி கெய்ரோவிற்கு வருவோம்.

அந்நகரின் வரலாற்றாசிரியர் தகிய்யுத்தீன் மக்ரீஸீ (1364 – 1442) பர்ஜவான் என்னும் வட்டாரத்தில் பிறந்தவர். பைனல் கஸ்ரைன் என்று பெயர் பெற்ற பெருந்தெருவிற்கு அது மிக அண்மையில் உள்ளது. நகரின் முஹ்தஸிபாகப் பணியாற்றியவரும் ஆவார். அங்காடியின் எடைக்கல்லையும், தெருவின் நலத்தையும் மேற்பார்க்கும் பதவி அது. தெருத்தெருவாக, கட்டடம் கட்டடமாக அவர் எழுதிய 'கிதத்' நூலில், ஒரு கட்டடம் எவ்வாறு எழுந்தது என்பதோடு எவ்வாறு யார் கைக்கு மாறிற்று என்பதும் பதிவாகியுள்ளது.

அவர் காலத்தில் சுல்தான் ஃபரஜின் அரசில் ஜமாலுத்தீன் யூஸுஃப் என்பவர் உஸ்தாதார் பதவியில், அதாவது அரண்மனைக் காரியங்களின் தலைவராக, பெருஞ்செல்வாக்குடன் விளங்கினார். அழகிய கட்டடங்கள் மீது அவருக்குத் தீராத ஆசை. அவையோ வக்ஃபு, விற்கவும் வாங்கவும் இயலாதவை. இஸ்திப்தால் என்னும் மாற்றீட்டு முறைக்கு ஹனஃபி மத்ஹபில் இடமுண்டு. பயனற்றுப்போன வக்ஃபுச் சொத்திற்கு மாற்றாக வேறொரு பயனுள்ள சொத்தைக் காழியின் அனுமதியோடு வைத்துக்கொள்வதே அது. வக்ஃபு அழியாமல் காப்பதற்காக ஏற்பட்ட அந்த வழியை உஸ்தாதார் வேறொன்றிற்குப் பயன்படுத்தினார். தம் மனம் கவர்ந்த கட்டடத்தைப் பற்றி இரு சாட்சிகளை நிறுத்துவார். அது அண்டை வீட்டாருக்கும் வழிப்போக்கருக்கும் தீங்கு தருவது, மாற்றிக்கொள்வதே நலம் என்று அவர்கள் சாட்சியுரைப்பர். ஹனஃபித் தலைமைக் காழி கமாலுத்தீன் உமர் இப்னுல் அதீம் அவ்வாறே தீர்ப்பளிப்பார். கட்டடம் உஸ்தாதாரின் உடைமையாகிவிடும். பிறகு செல்வாக்கும் பணமும் உள்ள பிறரும் அதே வாசலைத் தட்டலாயினர் என்று மக்ரீஸீ வருந்தி எழுதுகின்றார்.

இதனை ஓதியபோது நாம் திடுக்கிட்டோம் என்றால் மிகையன்று. அண்டை வீட்டாரும் வழிப்போக்கரும் யார்? சாய்ந்த சுவரின்கீழ் நடப்பவர்கள். அவர்களைக் காப்பதற்காக ஏற்பட்ட சொல்லே கட்டடத்தைக் கைப்பற்றுவதற்குத் திறவுகோலாயிற்று. "இது விழப்போகிறது" என்று உண்மையில் சொல்ல வேண்டியவர் தெருவில் நடப்பவர். உடைமைக்கு ஆசைப்பட்டவரே அதைச் சொல்லத் தொடங்கினால் சட்டம் தலைகீழாகிவிடுகின்றது.

அவ்வாறு அவர் கைப்பற்றியவற்றுள் ஒன்று கஸ்ர் பஷ்தாக். மம்லூக் அமீர் பஷ்தாக் 1330களில் கட்டிய மாளிகை அது. அண்டை வீட்டாருக்கும் வழிப்போக்கருக்கும் தீங்கு, அகற்றப்படத் தக்கது என்று அதைப் பற்றியும் சாட்சியம் பதிவாயிற்று. ஹிஜ்ரி 812 (1409)இல் உஸ்தாதார் சுல்தானின் சினத்திற்கு ஆளாகி உயிரிழந்தார். அவர் கட்டிய மதரஸாவிலிருந்து அவர் பெயரையும் அழித்துச் சுல்தானின் பெயரைப் பொறித்தனர். சாட்சியுரைத்தவர்களும் போயினர். கஸ்ர் பஷ்தாகின் எஞ்சிய பகுதியோ, அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும், 1992 அக்டோபர் 12ஆம் நாளின் நிலநடுக்கத்தையும் தாங்கி, முஇஸ் தெருவில் இன்றும் நிற்கின்றது. அதன் மேல்தளத்து மண்டபத்தின் மரவிதானத்தைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர்.

சாய்ந்த சுவர் பற்றிய சட்டத்தை மட்டும் கொண்டு பழங்கட்டடங்களைக் காப்பாற்றிவிடலாம் என்று நாம் கூறவில்லை. அச்சட்டம் கோருவது சுவரை அகற்றுவதையே. அதற்கு உயிர்தான் முக்கியம், பூவேலை அன்று. கட்டடத்தை நிலைநிறுத்தும் சட்டத்தை ஹிதாயாவின் வேறொரு பகுதியில், வக்ஃபுப் பாடத்தில், தேடவேண்டும். வக்ஃபின் வருவாயில் முதற்செலவு அதன் பழுதுபார்ப்பே. வக்ஃபு செய்தவர் அவ்வாறு நிபந்தனை எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் அப்படியே. ஒரு வீட்டில் குடியிருக்கும் உரிமையை ஒருவருக்கு வக்ஃபு செய்திருந்தால், அதைச் செப்பனிடும் கடமையும் அவருடையதே. அவர் மறுத்தால், அல்லது வசதியற்றவராயின், நீதிபதி அவ்வீட்டை எடுத்து வாடகைக்கு விட்டு, அவ்வாடகையால் செப்பனிட்டு, பின்னர் அவரிடமே திருப்பித் தந்துவிடுவார்.

இதில் எத்துணை நியாயம் அடங்கியுள்ளது! உரிமை பறிக்கப்படவில்லை. ஏழை தண்டிக்கப்படவில்லை. கட்டடமும் காப்பாற்றப்பட்டது, அதன் செலவை அதுவே ஈட்டிற்று. பொறுப்பேற்கச் செய்தல் என்றால் அபராதம் விதித்தல் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். செப்பனிட்டுத் திருப்பித் தருவது அபராதத்தினும் கடினமான பணி. ஆகவேதான் எந்த அரசும் அதை விரும்புவதில்லை போலும்.

கெய்ரோவில் இந்த ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் குலைந்தது. 1952ஆம் ஆண்டின் 180ஆம் எண் சட்டம் குடும்ப வக்ஃபுகளை ஒழித்தது. முத்தவல்லிகளின் ஊழல்களைக் கண்டு சலித்தவர்கள் அதை வரவேற்றனர்; அவர்களைக் குறைகூற முடியாது. ஆயினும், ஒரு மேலாளரின் கையில் இருந்த பழைய வீடு பல வாரிசுகளின் பெயரில் துண்டு துண்டாகியது. அதற்கு முன்பே, 1947ஆம் ஆண்டின் 121ஆம் எண் சட்டத்தால் வாடகைகள் கட்டுப்பட்டிருந்தன. 1952 முதல் 1965 வரை அவை பன்முறை குறைக்கவும்பட்டன. பல வீடுகளில் ஒரு மாத வாடகை ஒரு வேளைச் சாப்பாட்டிற்கும் போதாது என்னும் நிலை வந்தது. வீட்டுக்காரரின் மனக்குறை பொய்யன்று. வாடகையே இல்லாத வீட்டை வாடகையிலிருந்து செப்பனிடு என்று எந்தக் காழியும் சொல்லியிருக்க முடியாது. பழைய வாடகையை மாற்றமின்றி நிறுத்திவைத்தது அரசியல் சட்டத்திற்கு முரண் என்று எகிப்தின் உச்ச அரசியல்சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 நவம்பரில். 2025ஆம் ஆண்டின் 164ஆம் எண் சட்டம் குடியிருப்புகளின் பழைய ஒப்பந்தங்களுக்கு ஏழாண்டுத் தவணை வைத்தது.

இடைப்பட்ட அறுபது, எழுபது ஆண்டுகளில் வீட்டுக்காரர்களுக்குக் கிடைத்த விடுதலை வழி ஒன்றே: கட்டடம் விழுதல். கட்டடம் முற்றும் அழிந்தால் வாடகை ஒப்பந்தமும் தானே முடிவுறும் என்பது அந்நாட்டுச் சிவில் சட்டம். குடியிருப்பவரை வெளியேற்ற இயலாத வீட்டுக்காரருக்குக் கூரையில் ஒழுகும் மழையே வழக்கறிஞராயிற்று.

அச்சிவில் சட்டத்தை, 1948ஆம் ஆண்டின் 131ஆம் எண் சட்டத்தை, வகுத்தவர் அப்துர் ரஸ்ஸாக் ஸன்ஹூரி. அதன் 177ஆம் பிரிவை ஓதும் மதரஸா மாணவர் எவரும் பழைய நண்பரைக் கண்டதுபோல் மகிழ்வர். இடிந்து விழுந்த கட்டடத்தின் தீங்கிற்கு அதன் பொறுப்பை வகிப்பவர், அவர் சொந்தக்காரராக இல்லாவிடினும், ஈடு செய்யவேண்டும். பராமரிப்புக் குறைவோ பழைமையோ கட்டுமானக் குறையோ காரணமன்று என்று அவரே மெய்ப்பிக்க வேண்டும். அச்சத்திற்கு உள்ளானவர் சொந்தக்காரரிடம் தக்க நடவடிக்கை கோரலாம். அவர் செய்யாவிடில் நீதிமன்ற அனுமதி பெற்று, அவர் செலவிலேயே தாம் செய்துகொள்ளலாம். உஸ்மானியப் பேரரசின் 'மஜல்லா' 928ஆம் பிரிவில் எச்சரிக்கை விதியை அப்படியே எடுத்துக்கொண்டது. ஸன்ஹூரியோ ஒருபடி மேலே சென்றுவிட்டார்.

ஆனால் மரபுக் கட்டடங்களுக்கென்று 2006இல் வந்த 144ஆம் எண் சட்டம் எங்கே இடறியது என்பதை அதன் தலைப்பே காட்டிக்கொடுக்கின்றது. விழும் நிலையில் இல்லாத கட்டடங்களை இடிப்பதை ஒழுங்குபடுத்துவதும், கட்டடக்கலை மரபைக் காப்பதுமே அதன் நோக்கம் என்கின்றது தலைப்பு. சிறப்புவாய்ந்த கட்டடங்களைப் பட்டியலிட்டு, அவற்றை இடிப்போருக்குச் சிறையும் பெருந்தொகை அபராதமும் விதிக்கின்றது. நல்லதே. ஆயின் விழும் நிலையில் உள்ள கட்டடம்? அது வேறு சட்டத்தின்பாற்பட்டது. குழு வந்து பார்த்து, இடிக்கவோ செப்பனிடவோ ஆணையிடும். ஆகவே, நன்றாக நிற்கும் வீட்டை இடித்தால் குற்றவாளி. விழும்வரை கைகட்டி நின்றால் விண்ணப்பதாரர். உஸ்தாதாரின் இரு சாட்சிகளும் இன்னும் உயிரோடிருப்பதாகவே நமக்குத் தோன்றுகின்றது.

இஸ்கந்தரிய்யா நகரில் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ஓகுஸ்த் பெரே 1920களில் வடிவமைத்த ஓர் இல்லம் இருந்தது. 2009இல் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டு, எதிர்ப்பால் வேலை நின்றது. அரைகுறையாக நின்ற அது 2014இல் முற்றாக இடித்துத் தள்ளப்பட்டது.

தனியாரை மட்டும் சுட்டி முடித்தால் நாம் நேர்மையாளர் அல்லோம். கெய்ரோவின் ஜமாலிய்யாப் பகுதியில் முஸாஃபிர்கானா என்னும் மாளிகை இருந்தது. மஹ்மூத் முஹர்ரம் என்ற வணிகர் 1779 முதல் 1788 வரை கட்டியது. கெதிவ் இஸ்மாயீல் 1830இல் பிறந்தது அங்கேதான். சிறந்த மரப்பின்னல் சாளரங்கள் அதில் இருந்தன. வாடகைச் சிக்கலில்லை, வாரிசுச் சண்டையில்லை. அது தொல்பொருள் துறையின் பொறுப்பில் இருந்தது. 1998இல் தீக்கிரையாயிற்று. நடைபாதையின் பங்காளி எவரும் சென்று கேட்கலாம் என்று மர்கீனானீ எழுதினார். அரசே சொந்தக்காரராக இருக்கும்போது, யாரிடம் கேட்டால் அது கேட்டதாகும் என்பதை அவர் எழுதவில்லை. அவர் காலத்து அரசுகளுக்கு இத்தனை வீடுகள் இருந்திருக்கவும் மாட்டா.

நம் கடைத்தெரு வீட்டிற்கு மீள்வோம். வினவிய மாணவரும் அவர் தோழர்களும் சும்மா இருக்கவில்லை. பங்குதாரர்களில் முகவரி கிடைத்த ஐவருக்கு, இரு பெரியவர்களைச் சாட்சியாக வைத்து, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினர். இடிக்கும்படி எழுதவில்லை. முகப்பை முட்டுக் கொடுத்து நிறுத்தும்படியும், இயலாவிடில் ஊராரிடம் சில ஆண்டுகளுக்கு ஒப்படைத்தால் வாடகையிலிருந்து செப்பனிட்டுத் திருப்பித் தருவதாகவும் எழுதினர். எழுதிக் கொடுத்தது நாமே. நால்வரிடமிருந்து ஒப்புகைச் சீட்டு மட்டும் திரும்பி வந்தது. ஐந்தாமவர் அன்போடு பதில் எழுதியிருந்தார்: தம் பங்கைச் சென்ற மாதமே விற்றுவிட்டாராம்.

வாங்கியவரின் முகவரியைத் தேடிப் பிடித்து, அவருக்கும் ஒரு கடிதம் அனுப்பினோம்.